விளக்கும் களிம்பும்

கார்த்திகை மாதத்து மாலை நேரத்தில் யாழ்ப்பாணத்துத் தெருவோரத்தில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். ரியூசன் வகுப்புகள் கலையும் வேளை, மழை தூறிக்கொண்டிருக்கும். இருளைக் கிழித்துக்கொண்டு துவிச்சக்கர வண்டிகள் கூட்டங்கூட்டமாய் வரும். சிலவற்றின் முன்னே விளக்கு எரியும். பலவற்றின் முன்னே எரியாது. எரியாத வண்டிக்காரனை மறித்துக் கேட்டால், "லைற் இருக்குது சேர், மழைக்குத்தான் வேலை செய்யுதில்லை" என்பான். வெயிலில் எரிந்து மழையில் அணையும் விளக்கினாற் பயன் யாது என்று நான் எத்தனையோ பிள்ளைகளைப் பரிகசித்ததுண்டு. அவ்வாறு பரிகசிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதைச் சென்ற மழைக்காலத்தில் அறிந்துகொண்டேன்.

நான் இந்து நாகரிகம் கற்பிப்பவன், கலைப்பட்டதாரி. மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு பல்கலைக்கழகத்தில் உண்டானதன்று. அது 1990 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எனக்கு அப்பொழுது வயது பத்து. வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் நீண்ட பட்டியலிலே ரோச் பற்றறியும் இருந்தது. போத்தலில் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கிலே படித்தோம்; வானொலி கேட்பதற்குத் துவிச்சக்கர வண்டியை நாடினோம். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி மிதியைக் கையினாற் சுழற்றினால், பின்சில்லின் ரயரோடு உரசிச் சுழலும் டைனமோ 6 வோல்ற்றளவு மின்னைத் தரும். அது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம்; வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையிற் பாயும் நேரோட்டம். இருவாயி என்று பின்னாளிற் பாடநூல்கள் பெயர் சொல்லித்தந்த நான்கு சிறு உருளைகளைப் பழுதான வானொலி ஒன்றிலிருந்து கழற்றி, அந்த மாற்றத்தைச் செய்து வைத்தார் என் தமையனார். சுழற்றுவது என் வேலை. என் கை சோர்ந்தாற் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். "தூங்காதை, சுத்து" என்று ஐயா அதட்டுவார்.

அக்காலத்து இணைப்பு எல்லாம் ஒரே வகையினதுதான். வயரின் தோலைப் பல்லாற் கடித்து உரித்து, இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, பழைய ரியூப்பிலிருந்து நறுக்கிய றப்பர் நாடாவினாலே சுற்றிக் கட்டுவோம். அந்த முறுக்கை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னுடைய மின்பொறியியல் அதற்கு அப்பாற் செல்லவில்லை. செல்லவேண்டிய தேவையும் நேர்ந்ததில்லை. வீட்டு மணி முதல் அயலாரின் வானொலி வரை எதையும் முறுக்கிக் கட்டிக் கொடுத்து ஓரளவு பெயரும் பெற்றிருந்தேன். அந்தப் பெயரை நம்பித்தான் அவன் என்னிடம் வந்தான்.

அவன் உயர்தர வகுப்பு மாணவன். அல்லைப்பிட்டிப் பக்கத்திலிருந்து வருபவன். யாழ்ப்பாண நகரத்தையும் வேலணைத் தீவையும் இணைக்கும் பண்ணைத் தாம்போதியை நாள்தோறும் இருமுறை கடப்பவன். இருமருங்கும் ஆழமில்லாத கடல்; நடுவே நீண்ட தெரு. மார்கழிக்கு முந்திய மழைக்காலத்தில் வாடைக் காற்று அங்கே உப்புத் துவலையை அள்ளி முகத்தில் வீசும். அவனுடைய மாமனார் கனடாவிலிருந்து ஒரு முன்விளக்கை அனுப்பியிருந்தார். கைப்பிடியிற் பூட்டும் சிறிய விளக்கு. நடுச் சட்டத்தோடு கட்டிக்கொள்ளும் தனியான பற்றறிப் பொதி. இரண்டையும் இணைக்க ஒரு வயர். அந்த வயரின் நடுவே இருந்த செருகி, கழுத்தோடு அறுந்துபோய்விட்டது. பொதிக்கு மின்னேற்ற வேறொரு வாய் இருந்தமையால், செருகியே வேண்டாம் என்று அதை வெட்டியெறிந்தேன். இரு வயர்களையும் என் குலவித்தையின்படி முறுக்கினேன். றப்பர் நாடாவுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய கறுப்பு நாடாவை இறுகச் சுற்றினேன். "இனி இது கழராது, தம்பி" என்றேன். அவன் மகிழ்ந்தான், நான் அவனிலும் அதிகமாய் மகிழ்ந்தேன்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. மழை கனத்தது. தாம்போதியின் நடுவே விளக்கு அணைந்தது. தட்டினான், எரிந்தது. மறுபடி அணைந்தது. எதிரே வந்த வாகனத்தின் ஒளியில் அவன் கண் கூசியது. விளக்கில்லாமல் வந்த அவனைச் சாரதி கண்டபோதோ வாகனம் மிகவும் கிட்டிவிட்டது. கைப்பிடியை ஓரமாய்த் திருப்பியவன் கரையிலே அடுக்கியிருந்த கற்களின்மேல் விழுந்தான். வாகனத்தில் வந்தவர்களே அவனைத் தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு வெடிப்பு. அவன் வலக்கையால் எழுதுகிறவன் என்பது ஒன்றே ஆறுதல்.

ஐந்தாறு நாள் கழித்துக் கையில் மாவுக்கட்டோடு வந்தான். புத்தகப் பையிலிருந்து விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தான். "லைற் பழுதில்லை சேர். வயர்தான்" என்றான். அந்த "வயர்தான்" என்ற சொல்லிலே குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாய் இருந்திருக்கும்.

அன்றிரவு நாடாவைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் கசிந்தது. நாடா நீரைத் தடுப்பதற்குப் பதிலாக, உள்ளே புகுந்த நீரை வெளியே போகாமற் காத்து வைத்திருந்தது. ஒரு முறுக்கு ஏறக்குறைய நான் முறுக்கியபடியே இருந்தது. மற்றையதிற் செம்பே இல்லை என்று சொல்லலாம். பச்சை நிறத்திற் பசைபோல ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது. களிம்பு! சைவ சித்தாந்தம் படிப்பிக்கும்போது, உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமையாகக் கரும்பலகையிலே எத்தனை முறை எழுதியிருப்பேன்! களிம்பை விரலிலே தொட்டுப் பார்த்தது அன்றுதான். சித்தாந்தக் களிம்பு செம்போடு கூடவே தோன்றியது என்பர். இந்தக் களிம்போ நான் நாடா சுற்றிய பின் தோன்றியது.

இரண்டில் ஒன்று மட்டும் ஏன் தேய்ந்தது? மறுநாள் எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் வயரைப் பார்த்த உடனேயே, "அரிச்சது நேர்முனை வயர்தானே?" என்றார். ஆம் என்றேன். பிறகு அவர் விளக்கியதை என் மொழியிலே தருகிறேன்.

உப்பு நீரிலே இரண்டு செப்புக் கம்பிகளை நிறுத்தி அவற்றைப் பற்றறியோடு தொடுத்தால், நேர்முனைக் கம்பி நீரிலே கரைந்து போகும். பாடசாலை ஆய்வுகூடத்திற் பிள்ளைகள் செய்து பார்க்கும் மின்பகுப்பு அதுதான். நீரைப் பகுப்பதற்கே 1.23 வோல்ற்று போதும் என்கிறபோது, அந்தப் பொதி கொடுத்தது 8 வோல்ற்றுக்கு மேல். அதனுள்ளே இருந்தவை 18650 என்று பெயர்பெற்ற இலிதியம் கலங்கள். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையவை என்பதே அந்த எண்ணின் பொருள். ஒவ்வொன்றும் முழுதாய் மின்னேறும்போது 4.2 வோல்ற்று, இரண்டு தொடராய் நின்றால் 8.4. என் நாடாவுக்குள் நான் அமைத்தது இணைப்பன்று, ஆய்வுகூடம்.

"அப்படியானால் டைனமோவுக்கு ஏன் இது நேரவில்லை?" என்று என் பழைய பெருமையைக் காப்பாற்ற முயன்றேன். அவர் சிரித்தார். டைனமோவின் ஆடலோட்டத்தில் ஒரு முனை எப்பொழுதும் நேர்முனையாய் இருப்பதில்லை. அதைவிட, வண்டி நின்றால் டைனமோவும் நிற்கும்; பிறகு வயரில் எதுவும் இல்லை. பற்றறி அவ்வாறன்று. அந்த விளக்கின் ஆளி விளக்கிலேயே இருந்தது. ஆகவே விளக்கை அணைத்துவிட்டுப் பையன் வகுப்பில் இருந்த நேரத்திலும், இரவில் உறங்கிய நேரத்திலும், அந்த ஈர முறுக்குகளுக்கிடையே 8 வோல்ற்று ஓயாமல் நின்றுகொண்டேயிருந்தது. வண்டி மரத்தடியில் நின்றபோதெல்லாம் செம்பு கரைந்துகொண்டிருந்திருக்கிறது. இதை அறிந்தபின் இரண்டு நாள் எனக்குச் சரியாய் உறக்கம் வரவில்லை.

பழையபடி ஒட்டுப்போடுவதில்லை என்று தீர்மானித்தேன். நீர்புகா இணைப்பான் என்று ஒன்று உண்டு; முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் அதை நன்கு அறிவார்கள். முள் உள்ள ஒரு பாதி, துளை உள்ள ஒரு பாதி. இரண்டும் சேருமிடத்தில் ஒரு றப்பர் வளையம். அவற்றை இறுக்கிப் பிடிக்க ஒரு திருகுமூடி. வயர் நுழையும் பின்புறத்தில் இன்னொரு றப்பர் மோதிரமும் அதை நெருக்கும் இன்னொரு திருகுமூடியும். நகரத்துக் கடையொன்றிலே கேட்டபோது கடைக்காரர், "ஐ.பி. 67 தரட்டோ?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துதான் பொருளைத் தேடினேன். முதலாம் இலக்கம் தூசைப் பற்றியது. 6 என்றால் தூசு அறவே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. 4 என்றாற் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றாற் பீச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் முப்பது நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் உள்ளே ஈரம் இராது. ஆனால் இவை எல்லாம் இரு பாதிகளும் சேர்ந்து, மூடி இறுகியிருக்கும்போதுதான். கழற்றி வைத்த பாதி மழையில் நனையும் சிரட்டைக்குச் சமம். அதற்கு மூடியும் சேர்த்து வாங்கவேண்டும்.

நான் முதலிற் செய்த பிழை வயரைப் பற்றியது. வீட்டிலே கிடந்த தட்டையான இரட்டை வயரைக் கொண்டு வேலையைத் தொடங்கினேன். வட்டமான றப்பர் மோதிரத்துக்குள்ளே தட்டையான வயர் இருந்தால் இருபக்கமும் இடைவெளி விழும். எவ்வளவு இறுக்கினாலும் நீருக்கு அந்த வழி போதும். உருண்டையான வயர் வேண்டும். அதுவும் மோதிரத்தின் துளைக்கு ஏற்ற பருமனில் வேண்டும். அந்த இடைவெளியைக் குளியலறைச் சுவரிற் பூசும் சிலிக்கன் பசையினால் அடைத்துவிடலாம் என்றும் எண்ணினேன். பௌதிகவியல் ஆசிரியர் தடுத்தார். அந்தப் பசைகளிற் பல காயும்போது வினாகிரி மணம் வீசும். அந்தப் புளிப்பே செம்பை அரிக்குமாம். தகரவேலைக்காரர் பற்றாசு வைக்கப் பயன்படுத்தும் திராவகமும் அவ்வாறே. மின்வேலைக்கு மரப்பிசின் கலந்த பற்றாசுக் கம்பி ஒன்றே ஏற்றது.

எந்தப் பாதியை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் சிந்திக்க வேண்டியது. பொதியின் பக்கத்திலே துளையுள்ள பாதி. விளக்கின் பக்கத்திலே முள்ளுள்ள பாதி. மாறி வைத்தால், கழற்றிய நேரத்திற் பொதியின் முட்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு திறப்புக்கோவை அவற்றின்மேல் விழுந்தாற் போதும். இலிதியப் பொதியின் இரு முனைகளும் நேரே தொட்டுக்கொண்டால் வயர் பழுக்கச் சிவக்கும். பொதியே தீப்பற்றவும் கூடும். இதற்காகப் பொதியின் அருகிலே 3 அம்பியர் உருகி ஒன்றையும் சேர்த்தேன். 10 உவாற்று விளக்கு இழுக்கும் மின்னோட்டம் ஒன்றரை அம்பியருக்கும் குறைவே. ஆகவே 3 தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் வந்தான். அவன் ஒரு கையால் வயரைப் பிடிக்க, நான் பற்றாசு வைத்தேன். முதலில் இரு வயர்களும் ஒட்டிக்கொண்டன. பிரித்து, துடைத்து, மறுபடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் சூடு காட்டினாற் சுருங்கும் குழாயை இட்டு, இழுத்துப் பார்த்து, திருப்தியோடு நிமிர்ந்தேன். இதற்கு ஒரு மணித்தியாலம் சென்றது. அப்பொழுது தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "இந்த மூடி எங்கை போறது?" என்று மேசையைக் காட்டினார். பின்புறத்துத் திருகுமூடியும் றப்பர் மோதிரமும் மேசையின்மேல் அழகாக வீற்றிருந்தன. வயரிலே அவற்றை முதலிற் கோத்துவிட்டல்லவோ பற்றாசு வைக்கவேண்டும்! பையன் மாவுக்கட்டைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் மட்டும் குலுங்கின. எல்லாவற்றையும் வெட்டி, மீண்டும் தொடங்கினோம். இவ்வேலையைச் செய்பவர் எல்லாரும் ஒருமுறையாவது இப்படிச் செய்வார்கள் என்று பௌதிகவியல் ஆசிரியர் பின்னர் என்னைத் தேற்றினார். உண்மையோ, உபசாரமோ அறியேன்.

இரண்டாம் முறை சரிவந்தது. பல்மானியை வைத்து நேரும் மறையும் மாறவில்லை என்று பார்த்தோம். றப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் சிறிது தடவினோம். வீட்டிலிருந்த வசலீனை எடுத்தேன். சிலவகை றப்பரை அது ஊதச் செய்யும் என்பதனால் வைத்துவிட்டேன். பிறகு சோதனை. கிணற்று நீரை வாளியில் அள்ளி இணைப்பானை அமிழ்த்தப் போனபோது பையன், "உப்புப் போடுங்கோ சேர்" என்றான். அவன் கடப்பது கிணறு அன்றே! இரண்டு பிடி உப்பைக் கரைத்தோம். விளக்கு வெளியே எரிய, இணைப்பான் உள்ளே கிடக்க, முப்பது நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கு எரிந்தது என்பது போதாது. என் முறுக்கும் முதல் நாளில் எரிந்ததுதான். இணைப்பானை எடுத்து, வெளிப்புறத்தை நன்றாய்த் துடைத்து, கழற்றி, மெல்லிய கடதாசித் துண்டை உள்ளே விட்டுப் பார்த்தோம். கடதாசி உலர்ந்தே வந்தது. பையன் அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

வண்டியிற் பூட்டுவதிலும் சில நுட்பங்கள் இருந்தன. கைப்பிடி இருபக்கமும் முழுதாய்த் திரும்பும்போது வயர் இழுபடாதபடி தளர்வு விடவேண்டும். இழுபட்டாற் பற்றாசு முடியும் இடத்திலேதான் கம்பி ஒடியும். இணைப்பானுக்குள் நுழையுமுன் வயரைக் கீழ்நோக்கி வளைத்து மேலே கொண்டுவந்தால், வயர் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியிற் சொட்டிப் போய்விடும். ஓட்டுத் தாழ்வாரத்தை அமைத்த நம் முன்னோருக்குத் தெரிந்த சங்கதிதான். பொதியைப் பொலித்தீன் பையால் இறுகக் கட்டும் வழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. எரியும்போது சூடாகிய பொதி மழையிற் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். சுருங்கும் காற்று எந்தச் சிறு துளை வழியாகவும் நீரை உறிஞ்சும். பையின் அடியிலே ஒரு துளை இட்டுவிடுவது நல்லது.

அதன்பின் என் வீட்டு விறாந்தை ஒரு சிறு பட்டறையாயிற்று. மார்கழி முடிவதற்குள் ஏழு விளக்குகளுக்கு இணைப்பான் பூட்டினேன். அவற்றில் இரண்டு, என்னுடைய பழைய முறுக்குகளே; அவற்றைத் தேடிப்பிடித்து மாற்றினேன். இன்னும் எங்கெங்கே என் கறுப்பு நாடாக்கள் ஈரத்தைக் காத்து நிற்கின்றனவோ! நினைவுக்கு வந்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பையனின் மாவுக்கட்டு தையிலே அவிழ்ந்தது. அவன் மறுபடி வண்டியில் வரத் தொடங்கிய வாரத்திலே பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. வகுப்பு முடிந்தபின், நானும் எனக்கு அலுவல் இருப்பதுபோல அவனோடு பண்ணை வரைக்கும் சென்றேன். தாம்போதியின் தொடக்கத்தில் நின்று, "போய்ச் சேர்ந்தவுடனை ஒரு அழைப்பு எடு" என்றேன். அவன் விளக்கை ஏற்றினான். மழையின் ஊடே வெளிச்சம் நீண்டு விழுந்தது. காலை மிதியில் வைத்தவன், என் வண்டியைப் பார்த்து, "சேர், உங்கடை சைக்கிளுக்கு லைற் இல்லையே?" என்றான்.

மறுமொழி சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவன் போனான். வெளிச்சம் மண்டைதீவுச் சந்திப் பக்கமாய்ச் சென்று, மழைக்குள் புள்ளியாகி, அணையாமலே மறைந்தது. அரை மணி கழித்து அழைப்பு வந்தது. நான் இருட்டிலே வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கடையில் வாங்கியவற்றில் ஓர் இணைப்பான் மிச்சமிருந்தது. இரவு சாப்பாட்டின்பின் அதை எடுத்து, பற்றாசுக்கோலைச் சூடாக்க வைத்தேன். குசினியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது:

"இஞ்சருங்கோ, மூடியை முதலிலை போட்டிட்டியளோ?"